விண்டோஸ் மாற்றியதும் சத்தம் போய்விட்டதா? பழைய கணினியைத் தூக்கி எறியும் முன் படியுங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தன. அதையொட்டி உலகம் முழுவதும் பழைய கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலை நடந்து வருகிறது. சிரம்பான் லோபாக் வட்டார வீடுகளும், லாபு, மந்தின், ரந்தாவ் பக்கமுள்ள தோட்டப்புற வீடுகளும் இதற்கு விலக்கல்ல. அண்ணன் கல்லூரியில் பயன்படுத்திய மடிக்கணினி, அலுவலகம் கழித்துவிட்டதை வாங்கிய மேசைக் கணினி, கடையில் எடுத்த பழைய மடிக்கணினி என்று நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் ஐந்து, ஆறு, பத்து ஆண்டுகளைக் கடந்தவை.

இப்படி மாற்றிய பிறகு அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. திரை நன்றாக இருக்கும். இணையம் வேலை செய்யும். தட்டச்சு செய்யலாம், அச்சடிக்கலாம். ஆனால் சத்தம் மட்டும் வராது. யூடியூப்பில் படம் ஓடும், ஆள் வாயசைப்பார், குரல் கேட்காது. சில கணினிகளில் திரையின் வலது மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தின் மேல் சிவப்புக் குறி தெரியும். சிலவற்றில் அதுவும் இருக்காது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு கணினி மௌனமாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். "ஸ்பீக்கர் போயிருச்சு", "போர்டு போயிருச்சு", "பழைய சாமான், இனி தேறாது" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கக் கடன் வாங்குகிறார்கள். மேம்பாட்டுக்கு முதல் நாள்வரை பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி, மேம்பாடு முடிந்த மணி நேரத்தில் தற்செயலாகப் பழுதாவது மிக அரிது. இப்படிப்பட்ட நேரங்களில் பெரும்பாலும் கெட்டுப்போவது கருவி இல்லை, கருவிக்கும் இயங்குதளத்திற்கும் இடையிலான தொடர்பு. அதை மீட்கும் வழிகளில் பலவற்றை வீட்டிலேயே, காசு செலவில்லாமல் செய்து பார்க்கலாம்.

ஒலி போனால் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்கலாம். இணையவழி டியூஷன் வகுப்பில் ஆசிரியரின் குரல் கேட்காத பிள்ளைக்கு அந்த வகுப்பே இல்லை. தேவாரம் பழகும் சிறுவனுக்கும், வெளியூர்ப் பேரனிடம் திரையில் பேசும் பாட்டிக்கும் அதே கதைதான். பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் நிலை இன்னும் கடினம். 'என்விடிஏ' போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள்கள் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கின்றன, தமிழையும் வாசிக்கின்றன. அத்தகைய ஒருவருக்கு ஒலி போய்விட்டால் கணினியே இருண்டுவிடுகிறது. எதைச் சொடுக்குவது என்று சொல்லவே குரல் இல்லாததால், அவர் சிக்கலைத் தாமாகச் சரிசெய்யவும் முடியாது.

ஒலி எந்த வழியாக வருகிறது?

சிக்கலைப் புரிந்துகொள்ள ஒலி நடந்துவரும் பாதையைத் தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் ஒரு பாட்டைத் தட்டியதும், அந்தச் செயலி ஒலியை எண்களாக இயங்குதளத்திடம் கொடுக்கிறது. இயங்குதளம் எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. டிரைவர் அதை ஒலிச் சில்லுக்குப் புரியும் கட்டளையாக மாற்றுகிறது. சில்லு அந்த எண்களை மின் அலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இந்தச் சில்லு பல கணினிகளில் தைவானின் ரியல்டெக் நிறுவனத்துடையது. நண்டுச் சின்னம் போட்ட நிறுவனம் என்றால் பலருக்கு நினைவு வரும். சில பழைய மடிக்கணினிகளில் கோனெக்சன்ட், ஐடிடி போன்ற நிறுவனங்களின் சில்லுகள் இருக்கும்.

டிரைவரின் வேலையைத் தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். அந்தக் காலத்தில் துரை சொன்னதைத் தொழிலாளர்களிடம் கொண்டுசேர்த்தவர் கங்காணி. துரைக்குத் தொழிலாளியின் மொழி தெரியாது, தொழிலாளிக்குத் துரையின் மொழி தெரியாது. புதிய துரை வந்து பதிவேடு, பிரட்டு நேரம், கணக்கு முறை எல்லாவற்றையும் மாற்றிவிட்டார், பழைய கங்காணிக்கு அந்த மாற்றம் எட்டவில்லை என்றால் என்ன ஆகும்? துரையும் இருப்பார், பால்மரமும் இருக்கும், வெட்டுகிற ஆளும் இருப்பார், ஆனால் வேலை நடக்காது. விண்டோஸ் 11 புதிய துரை. ஒலிச் சில்லு பழைய தொழிலாளி. நடுவில் தடுமாறும் கங்காணிதான் டிரைவர்.

இது புதிய கதையல்ல

இயங்குதளம் மாறும்போது ஒலி அடிபடுவது பல ஆண்டுகளாக நடப்பது. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வெளிவந்தபோது, மைக்ரோசாப்ட் அதன் ஒலி அமைப்பையே புதிதாக எழுதியது. அதனால் அதிகம் பாதிக்கப்பட்டது நம் அண்டை நாடான சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம். சிம் வோங் ஹூ தொடங்கிய அந்நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டைதான் வீட்டுக் கணினிகளுக்குக் குரல் கொடுத்த பெயர்களில் முன்னணியானது. விஸ்டாவில் கணினி விளையாட்டுகள் ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசும் பழைய வழி அடைபட்டது. விளையாட்டுகளின் முப்பரிமாண ஒலியை மீட்க, 'ஆல்கெமி' என்ற தனி மென்பொருளைக் கிரியேட்டிவ் கொண்டுவர வேண்டியதாயிற்று.

விண்டோஸ் 11-லும் இதே கதை தொடர்ந்தது. 2021-இல் அது வெளிவந்த புதிதில், இன்டெல் நிறுவனத்தின் ஒலி டிரைவரில் சில பதிப்புகள் கணினியை நீலத் திரையில் நிறுத்தின. 2024 டிசம்பரில், '24எச்2' பதிப்புக்கு மாறிய சில கணினிகளில் டிராக் என்ற ஒலி மேம்பாட்டு மென்பொருள் ஒத்துப்போகாததால் ஒலியே வரவில்லை. உள்ளிருக்கும் ஒலிபெருக்கி, புளூடூத் ஒலிபெருக்கி, ஹெட்போன் எல்லாம் அடங்கிப்போயின. இந்த இரண்டு முறையும் மைக்ரோசாப்ட், பாதிக்கப்படக்கூடிய கணினிகளுக்கு மேம்பாட்டை அனுப்பாமல் நிறுத்தி வைத்தது. 2025 ஜனவரியில் வந்த பாதுகாப்பு மேம்பாட்டால் சில பழைய வகை யுஎஸ்பி ஒலிக் கருவிகள் செயலிழந்து, பின்னர் வந்த மேம்பாட்டில் சரியாயின.

ஆகவே ஒலி போனால் அது உங்கள் பிள்ளை எதையோ தட்டிக் கெடுத்ததால்தான் என்று திட்டத் தேவையில்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விண்டோஸ் 11, இன்டெல் கணினிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான செயலிச் சில்லுகளையும், 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்பு அம்சத்தையும் கேட்கிறது. அலுவலகங்கள் கழித்து, நம் கைக்கு வரும் மடிக்கணினிகளில் ஆறாம், ஏழாம் தலைமுறைச் சில்லு கொண்டவை நிறைய. அவற்றில் இந்தத் தகுதிச் சோதனையைச் சுற்றிவளைத்துத் தாண்டி விண்டோஸ் 11-ஐப் பதிக்கும் வழிகள் உள்ளன. சில கடைகளும் அப்படிச் செய்து தருகின்றன. அத்தகைய கணினிக்கு விண்டோஸ் 11 டிரைவரைத் தயாரித்து வெளியிடத் தயாரிப்பாளருக்குக் கடமை இல்லை. ஒலி போகும் வாய்ப்பு அங்கேதான் கூடுதல்.

முதலில் எளிய சோதனைகள்

மருத்துவர் கத்தியை எடுக்கும் முன் நாடி பார்ப்பதுபோல், டிரைவரில் கை வைக்கும் முன் சின்னச் சின்னக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுங்கள். கீழே உள்ள வரிசை எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கிப் போகிறது. ஒவ்வொன்றையும் செய்தபின் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் கை வைத்தால், எது பலித்தது என்று உங்களுக்கே தெரியாது.

ஒன்று: கணினியை முழுமையாக மறுதொடக்கம் செய்யுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் திறப்பதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே இங்கு சரி. விண்டோஸில் வேகத் தொடக்க வசதி இயங்கும்போது, 'ஷட் டவுன்' பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' அப்படிச் செய்யாது.

இரண்டு: ஒலி வேறு கதவு வழியாகப் போகிறதா என்று பாருங்கள். இது மிகவும் பொதுவான காரணம். கணினியை எச்டிஎம்ஐ கம்பி வழியாகத் தொலைக்காட்சியிலோ மானிட்டரிலோ இணைத்திருந்தால், மேம்பாட்டுக்குப் பின் விண்டோஸ் ஒலியை அதற்கே அனுப்பத் தொடங்கலாம். அந்த மானிட்டரில் ஒலிபெருக்கியே இல்லாவிட்டால் சத்தம் எங்கும் கேட்காது. திரையின் வலது மூலையில் ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கி, ஒலி அளவுக் கோட்டின் பக்கத்தில் உள்ள குறியைத் தட்டினால் வெளியீட்டுக் கருவிகளின் பட்டியல் வரும். அதில் 'ஸ்பீக்கர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று: ஒலி அளவைப் பாருங்கள். அதே ஒலிபெருக்கிப் படத்தின்மேல் வலது பொத்தானைச் சொடுக்கி 'வால்யூம் மிக்சர்' என்பதைத் திறந்தால், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அளவு தெரியும். மொத்த அளவு நூறாக இருந்தும், கூகுள் குரோமின் அளவு மட்டும் பூச்சியத்தில் கிடக்கலாம்.

நான்கு: கம்பியைப் பாருங்கள். மேசைக் கணினியில் வெளி ஒலிபெருக்கியின் கம்பி பின்பக்கத்தில் உள்ள பச்சைத் துளையில்தான் இருக்க வேண்டும். கணினியை நகர்த்திச் சுத்தம் செய்தபோது அது பக்கத்திலுள்ள இளஞ்சிவப்புத் துளைக்கு மாறியிருக்கலாம். அது மைக்குக்கு உரியது.

ஐந்து: ஒலிச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். தேடல் பெட்டியில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி அதைத் திறந்து, பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ' என்பதைக் கண்டுபிடித்து, வலது பொத்தானைச் சொடுக்கி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதன் கீழே உள்ள 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' என்பதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆறு: ஒலி மேம்பாடுகளை அணையுங்கள். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'சவுண்ட்' என்று போய், உங்கள் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தால் 'ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ்' என்ற வரி இருக்கும். அதை 'ஆஃப்' ஆக்குங்கள். பழைய டிரைவரோடு சேர்ந்து வந்த ஒலிச் சீரமைப்பு மென்பொருள்கள் புதிய இயங்குதளத்தில் முட்டிக்கொண்டு நிற்பது உண்டு. அதே பக்கத்தில் 'டிரபிள்ஷூட்' என்ற தானியங்கிச் சோதனையும் இருக்கிறது. அதையும் ஒருமுறை ஓடவிடுங்கள்.

இந்த ஆறும் முடிந்து ஒலி வரவில்லை என்றால், ஒரு ஹெட்போனை எடுங்கள். புளூடூத் அல்லது யுஎஸ்பி வகையாக இருக்கட்டும். அதில் சத்தம் கேட்டால் பாதிச் சிக்கல் தெளிவாகிவிட்டது. விண்டோஸின் ஒலி அமைப்பு நன்றாக இருக்கிறது, உள்ளே உள்ள சில்லு அல்லது அதன் டிரைவர்தான் தகராறு என்று பொருள். திரைவாசிப்பு மென்பொருளை நம்பியிருப்பவரின் கணினியை மேம்படுத்தும் முன், இப்படி ஒரு ஹெட்போனை இணைத்துப் பழக்கி வைப்பது நல்ல முன்னேற்பாடு.

டிரைவரைச் சரிசெய்யும் முறை

'ஸ்டார்ட்' பொத்தானின்மேல் வலது பொத்தானைச் சொடுக்கினால் 'டிவைஸ் மேனேஜர்' என்ற வரி தெரியும். அதைத் திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்' என்ற பிரிவை விரியுங்கள். அங்கே மூன்று நிலைகளில் ஒன்றைக் காணலாம்.

முதல் நிலை: ரியல்டெக் போன்ற பெயர் இருக்கும், ஆனால் அதன்மேல் மஞ்சள் முக்கோணம் தெரியும். அதன்மேல் இருமுறை சொடுக்கினால் ஒரு குறியீட்டு எண் காட்டும். 28 என்றால் டிரைவரே பதிக்கப்படவில்லை. 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. 52 என்றால் டிரைவரின் மின்னொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. எந்த எண்ணாக இருந்தாலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது நிலை: மஞ்சள் குறி எதுவும் இல்லை, ஆனாலும் ஒலி இல்லை. அப்போது அந்தப் பெயரின்மேல் இருமுறை சொடுக்கி, 'டிரைவர்' என்ற தாவலுக்குப் போங்கள். 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். மேம்பாட்டுக்கு முன் இருந்த டிரைவர் திரும்பிவரும்.

மூன்றாவது நிலை: ஒலிக் கருவியின் பெயரே பட்டியலில் இல்லை. மேலே உள்ள 'ஆக்சன்' பட்டியில் 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்' என்பதைக் கொடுத்துப் பாருங்கள். 'அன்நோன் டிவைஸ்' என்று ஏதேனும் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

பழைய டிரைவருக்குத் திரும்ப வழியில்லை என்றால், கருவியின்மேல் வலது பொத்தானைச் சொடுக்கி 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே கருவியைக் கண்டுபிடித்து டிரைவரை மீண்டும் பதிக்கும். பலருக்குச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மைக்ரோசாப்டின் பொது டிரைவரை முயலுங்கள். 'அப்டேட் டிரைவர்' என்பதைக் கொடுத்து, இணையத்தில் தேடச் சொல்லாமல், கணினியில் உள்ளதைப் பார்வையிடும் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்துப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வரியைச் சொடுக்கினால், 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பெயர் தெரியும். அதைப் பதித்து மறுதொடக்கம் செய்யுங்கள். ரியல்டெக்கின் சிறப்பு வசதிகள் இதில் இருக்காது. ஆனால் ஒலி வரும் வாய்ப்பு அதிகம். வகுப்பு கேட்கவும் பாட்டுக் கேட்கவும் அது போதும்.

கடைசியாக, கணினித் தயாரிப்பாளரின் சொந்த இணையத்தளம். டெல், எச்பி, லெனோவோ, ஏசர், ஏசுஸ் என்று எதுவாக இருந்தாலும், கணினியின் அடியில் அல்லது பின்னால் மாடல் பெயரும் வரிசை எண்ணும் ஒட்டப்பட்டிருக்கும். அதைத் தளத்தில் கொடுத்தால் உங்கள் கணினிக்கே உரிய டிரைவர்கள் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு ஒன்றும் இல்லாவிட்டால் விண்டோஸ் 10-க்கான 64-பிட் டிரைவரை எடுத்துப் பதியுங்கள். பல கணினிகளில் அதுவே வேலை செய்கிறது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. ஆகவே பழைய 32-பிட் டிரைவரைப் பென்டிரைவில் பத்திரமாக வைத்திருந்தாலும் அது இங்கே உதவாது.

பத்து நாள் கெடு

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இது. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு நேரடியாக மேம்படுத்தியவர்கள், பொதுவாக முதல் பத்து நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பலாம். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி' என்று போனால் 'கோ பேக்' என்ற பொத்தான் இருக்கும். சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். மேம்பாட்டுக்குப் பின் பதித்த செயலிகள் மட்டும் நீங்கும். இருந்தாலும் படங்களையும் பாடக் குறிப்புகளையும் முன்கூட்டியே பென்டிரைவில் நகலெடுத்து வைப்பது நல்லது.

பத்து நாள் கடந்தால் பழைய விண்டோஸின் கோப்புகளைக் கணினி தானே நீக்கிவிடும், அந்தப் பொத்தானும் பயன்படாது. ஆகவே ஒலி போனது தெரிந்தால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று பழைய விண்டோஸ் கோப்புறையை உடனே அழிக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதித்த கணினிகளுக்கு இந்த வசதி கிடையாது.

பழைய நிலைக்குத் திரும்பினால் பாதுகாப்பு என்னாவது? விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு மேம்பாடு பெறும் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் தனிநபர்களுக்கு அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கு வழி கணினியின் அமைப்புகளை இணையத்தில் ஒத்திசைப்பவர்கள் கட்டணம் இல்லாமலே இதில் பதிந்துகொள்ளலாம். ஒலி இல்லாத விண்டோஸ் 11-ஐவிட, இந்தத் திட்டத்தில் பதிந்த விண்டோஸ் 10 சில வீடுகளுக்கு அந்த ஓர் ஆண்டுக்கு நல்ல ஏற்பாடு.

லினக்ஸ் தரும் இரண்டு உதவிகள்

தகுதி இல்லாத கணினியில் விண்டோஸ் 11-ஐத் திணிப்பதற்குப் பதில், சிலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களுக்கு மாறுகிறார்கள். மாற நினைக்காதவர்களுக்கும் லினக்ஸ் ஓர் உதவி செய்யும். லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் பதிக்காமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வட்டில் உள்ள எதுவும் மாறாது. அங்கே ஒரு பாட்டைப் போட்டுச் சத்தம் கேட்டால், சில்லும் ஒலிபெருக்கியும் நலமாக உள்ளன என்பது உறுதி. "போர்டு போயிருச்சு" என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

லினக்ஸுக்கே மாறியவர்களுக்கும் சில நேரம் ஒலி மறைவதுண்டு. ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் காட்டினால், ஒலிச் சில்லை இயங்குதளம் அடையாளம் காணவில்லை என்று பொருள். முதலில் எல்லா மேம்பாடுகளையும் பதித்து மறுதொடக்கம் செய்யுங்கள். சில்லைக் கண்டுபிடித்தும் சத்தம் இல்லை என்றால், 'டெர்மினல்' திறந்து 'ஆல்சாமிக்சர்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். வரிசையாகத் தூண்கள் தெரியும். எந்தத் தூணின் அடியில் 'எம்எம்' என்று இருக்கிறதோ அது அடக்கப்பட்டிருக்கிறது. அம்புக்குறியால் அங்கே போய் 'எம்' விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும்.

லினக்ஸ் மின்ட் 2024-இல் வெளியிட்ட 22-ஆம் பதிப்பில், பழைய 'பல்ஸ் ஆடியோ' அமைப்பை விட்டு 'பைப்வயர்' என்ற புதிய ஒலி அமைப்புக்கு மாறியது. ஆகவே பழைய பதிப்புக்காக எழுதப்பட்ட தீர்வுகளை அப்படியே புதிய பதிப்பில் செய்தால் பலிக்காமல் போகலாம். எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால்

இவ்வளவும் செய்து ஒலி வரவில்லை என்றாலும் கணினியைக் கைவிட வேண்டியதில்லை. 'யுஎஸ்பி சவுண்ட் கார்டு' என்ற கட்டைவிரல் அளவுள்ள கருவி கணினிக் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் கிடைக்கிறது. அதில் ஒரு சிறிய ஒலிச் சில்லும் ஹெட்போன், மைக் துளைகளும் இருக்கும். யுஎஸ்பி துளையில் செருகினால் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமலே வேலை செய்யும். கணினிக்குள் இருக்கும் பழைய சில்லை மறந்துவிடலாம். புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுதான்.

உள்ளே உள்ள பழைய சில்லை எழுப்ப மணிக்கணக்கில் போராடுவதைவிட, இந்தக் குறுக்கு வழி பல வீடுகளுக்குப் பொருத்தமானது. வாங்கும்போது மைக் துளையும் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்க அது தேவைப்படும்.

ஏமாற வேண்டாம்

ஒலி போன பதற்றத்தில் இணையத்தில் தேடும்போதுதான் பலர் வலையில் விழுகிறார்கள். "உங்கள் டிரைவர்கள் பழையவை, இதோ ஒரே சொடுக்கில் சரிசெய்கிறோம்" என்று சொல்லும் 'டிரைவர் அப்டேட்டர்' வகை மென்பொருள்களில் பல, இல்லாத குறைகளைப் பட்டியலிட்டுப் பணம் கேட்பவை. சில, வேண்டாத மென்பொருள்களையும் சேர்த்துப் பதித்துவிடும். டிரைவரை விண்டோஸ் அப்டேட் வழியாகவோ, கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். டிரைவருக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை.

திடீரென்று திரையை மறைத்து, "உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று வந்தால் அழைக்காதீர்கள். முன்பின் தெரியாதவர் தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

கடைக்குப் போகும் முன்

கடைக்கே போக வேண்டிய நிலை வந்தாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். தோட்டத்திலிருந்து கணினியைத் தூக்கிக்கொண்டு சிரம்பானுக்கு வருபவருக்கு ஒரு நாள் வேலையும் போக்குவரத்துச் செலவும் போகிறது. இரண்டாவது முறை அலையாமல் இருக்க ஒரு தாளில் இவற்றை எழுதிச் செல்லுங்கள்: கணினியின் மாடல் பெயர், எந்த விண்டோஸிலிருந்து எதற்கு எந்தத் தேதியில் மாறியது, டிவைஸ் மேனேஜரில் தெரிந்த பெயரும் குறியீட்டு எண்ணும், புளூடூத் அல்லது யுஎஸ்பி ஹெட்போனில் சத்தம் கேட்டதா, பென்டிரைவ் லினக்ஸில் கேட்டதா.

இந்தத் தாளைக் கண்டால் நல்ல தொழில்நுட்பருக்கு வேலை பாதி முடிந்துவிடும். கேட்காமலே 'மதர்போர்டு' மாற்றச் சொல்பவரிடம், "ஹெட்போனில் சத்தம் வருகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்கவும் உங்களுக்குத் துணிவு வரும். "பார்மேட் செய்தால் சரியாகிவிடும்" என்று சொன்னால், உள்ளே உள்ள படங்களும் பாடங்களும் அழியுமா, யார் நகலெடுத்துத் தருவார் என்பதை முதலில் பேசி முடியுங்கள்.

தமிழர்களான நமக்கு இந்தப் பாடம் புதிதல்ல. முத்து நெடுமாறன் 1985-இல் இங்கே உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால் மலேசியத் தமிழர்கள் கணினித் தமிழில் முன்னோடிகளாக இருந்தார்கள். பின்னர் உலகம் யுனிகோடு முறைக்கு மாறியபோது, பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்த கோப்புகளைப் புதிய கணினியில் திறந்தவர்களுக்குப் புரியாத குறிகளே தெரிந்தன. கட்டுரை அழிந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்கள் இழந்தார்கள். எழுத்துரு மாற்றியைத் தேடிப் போட்டவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் திரும்பக் கிடைத்தது.

ஒலி போன கணினியும் அப்படித்தான். இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். மேம்படுத்திப் பத்து நாள் ஆகவில்லை என்றால் இன்றே உட்காருங்கள்.